பழைய பிரிட்டிஷ் கணக்கெடுப்பில் ‘நர்ஸ்’ என்றால் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மருமகள் யார்க்‌ஷயர் பக்கத்துப் பெண். பேரனுக்குப் பள்ளியில் வம்சாவளி எழுதி வரச் சொன்னார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. வெள்ளைக்காரச் சம்பந்தம் வாய்த்த தமிழ்க் குடும்பங்கள் இங்கிலாந்தில் நிறைய. அவர்கள் எனக்கு அனுப்பும் பழைய கணக்கெடுப்புப் பக்கங்களில் அதிகம் இடறும் சொல் ‘நர்ஸ்’தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துவதை மட்டுமே சொல்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: 1841 தொடங்கி பத்தாண்டுக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட இரவில் அந்த வீட்டில் தங்கியவர்களின் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதப்பட்டன. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்ற விவரங்கள் 1851இலிருந்து சரியாகக் கிடைக்கும். 1901 வரை நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் தம் பேரேட்டில் பார்த்து எழுதிய பிரதி. 1911இலும் 1921இலும் வீட்டுக்காரரே நிரப்பிய படிவம்.

1871இல் என் மனைவியின் பூட்டிக்குப் பதின்மூன்று வயது. தொழில் ‘நர்ஸ்’ என்று இருக்கிறது. அந்த வயதில் ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்தார்களா?

இல்லை. அவள் யாரோ ஒருவர் வீட்டில் பிள்ளை தூக்கினாள். குழந்தையை இடுப்பில் வைத்து, குளிப்பாட்டி, சோறூட்டி, பூங்காவுக்குக் கூட்டிப்போகும் வேலை. அந்தக் காலத்தில் ‘நர்ஸ்’ என்றால் முதலில் நினைவுக்கு வந்தது குழந்தையைப் பார்த்துக்கொள்பவள்தான். நோயாளியைப் பார்த்துக்கொள்பவள் அப்புறம்தான்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரிய வேண்டும். இன்று அரசு ஆஸ்பத்திரியில் ‘செவிலியர்’ என்று பலகை தொங்குகிறது. சங்கப் பாடல்களில் வரும் செவிலி யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை, தலைவியை வளர்த்தாள். ஒரே சொல் இரண்டு வேலையைச் சுமப்பது நமக்குப் புதிதல்ல. நாம் நவீனப் பொருளை வைத்துக்கொண்டு பழைய பக்கத்தைப் படிப்பதில்தான் தப்பு நடக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் படித்து, சம்பந்தி வீட்டில் எல்லோர் முன்னாலும் “உங்கள் பரம்பரையில் ஒரு நர்ஸ் இருந்திருக்கிறார்” என்று பெருமையாக அறிவித்தேன். அந்த அம்மாள் அப்போது பதினோரு வயதுச் சிறுமி.

அப்படியானால் வயதை வைத்தே முடிவு செய்துவிடலாமா?

முடிவு செய்ய முடியாது, ஆனால் பாதி வழி போய்விடலாம். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1851 கணக்கெடுப்பில் பிரிட்டனில் ‘நர்ஸ்’ என்று பதிவானவர்களின் வயது வாரியான எண்ணிக்கையை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தம் நர்சிங் புத்தகத்தின் பின்னிணைப்பில் அட்டவணையாகப் போட்டிருக்கிறார். வீட்டு வேலைக்கார நர்ஸ்கள் 39,139 பேர். வீட்டு வேலையில் சேராத நர்ஸ்கள் 25,466 பேர். மருத்துவச்சிகள் தனியாக 2,822 பேர்.

அந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டு வேலைக்கார வரிசையில் ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் 508 பேர். ஆமாம், ஐந்து வயது. பத்து முதல் பதினான்கு வரை 7,259. பதினைந்து முதல் பத்தொன்பது வரை 10,355. அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேர் இருபது வயதைத் தொடாதவர்கள். இன்னொரு வரிசை இருபது வயதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதிலும் இருபதுகளில் இருப்பவர்கள் 1,441 பேர் மட்டுமே. ஐம்பதும் அதற்கு மேலும் 16,577 பேர், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எண்பத்தைந்தைத் தாண்டியும் 147 பேர் ‘நர்ஸ்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கிழவிகள்? பயிற்சி என்று ஒன்று இல்லாத காலம். பிள்ளை பெற்று வளர்த்து, வீட்டுப் பெரியவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, புருஷனையும் அடக்கம் செய்த ஒரு விதவைக்குக் கையில் இருந்த ஒரே படிப்பு அதுதான். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேல் பள்ளி 1860இல் தொடங்கிய பிறகுதான் இருபதுகளில் இருக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ் என்ற புது உருவம் மெல்ல மெல்லக் கணக்கில் தலைகாட்டுகிறது.

ஆக, 1851, 1861 பக்கங்களில் வயது நன்றாகவே கைகொடுக்கும். 1891க்கு மேல் இருபத்தைந்து வயது ‘நர்ஸ்’ எந்தப் பக்கமும் இருக்கலாம். அப்போது அவர் எந்தக் கூரையின் கீழ் தூங்கினார் என்று பார்க்க வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு நர்ஸ்கள் இருக்கிறார்கள். அவ்வளவு வசதியான குடும்பமா?

இந்தக் கேள்விக்கு ஒரு மாதிரிப் பக்கத்தை வைத்தே பதில் சொல்கிறேன். வீடும் ஆட்களும் கற்பனை. அமைப்பு நிஜப் பக்கங்களில் வருவதுதான்.

1881, ஏப்ரல் 3 இரவு. குடும்பத் தலைவர் வக்கீல், 34. மனைவி, 29. மகன் 4 வயது, மகள் 2 வயது. அடுத்த வரியில் ‘மகன், 9 நாள்’. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அப்புறம் சமையல்காரி 31, வீட்டு வேலைக்காரி 22, ‘நர்ஸ்’ 17, கல்யாணமாகாதவள். கடைசி வரியில் இன்னொரு ‘நர்ஸ்’, 54, விதவை, பிறந்தது பக்கத்து ஊர்.

இந்தப் பக்கத்தைத் திறக்கும் சாவி அந்த ஒன்பது நாள் குழந்தை. பதினேழு வயதுப் பெண் நான்கு வயதையும் இரண்டு வயதையும் பார்த்துக்கொள்பவள். அவள் அந்த வீட்டோடு இருப்பவள். ஐம்பத்து நான்கு வயது அம்மாள் ‘மன்த்லி நர்ஸ்’, அதாவது மாதக் கணக்கில் வந்து தங்கும் பேறுகாலத் தாதி. பச்சை உடம்புக்காரியையும் சிசுவையும் பிரசவத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் கவனித்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தாய் மாதக் கணக்கு முடிந்து சர்ச்சுக்குப் போய்வரும் வரை வெளியே இறங்குவதில்லை என்பது அங்கேயும் வழக்கம். நம் வீடுகளில் தீட்டு கழிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ‘மன்த்லி’ என்ற சொல்லே இல்லாவிட்டாலும், கைக்குழந்தையும் வயதான விதவை நர்ஸும் சேர்ந்து வந்தால் அநேகமாக இதுதான்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த அம்மாளுக்குச் சொந்த வீடு வேறெங்கோ இருக்கும். அன்றிரவு எங்கே படுத்தாரோ அங்கேதான் பதிவு. பலர் “பாட்டியைக் காணோம், தாத்தாவும் பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள், செத்துப்போயிருப்பார்” என்று எழுதுகிறார்கள். மரணப் பதிவைத் தேடுமுன் பெயரையும் பிறந்த ஊரையும் வைத்து மாவட்டம் முழுவதும் ஒருமுறை தேடுங்கள். யாரோ ஒரு வக்கீல் வீட்டின் கடைசி வரியில் உட்கார்ந்திருப்பார்.

‘நர்ஸ்’ பக்கத்தில் எஸ்.எம்.எஸ். என்று மூன்று எழுத்து. அது என்ன?

கைப்பேசிச் சமாச்சாரம் இல்லை. ‘சபார்டினேட் மெடிக்கல் சர்வீஸ்’, அதாவது மருத்துவத் துறையின் கீழ்நிலைப் பணி. 1881இல் தொழில்களை வகைப்படுத்தியபோது டாக்டர்கள், பல் வைத்தியர்கள், மருத்துவச்சிகள் தவிர மற்ற மருத்துவ ஊழியர்களுக்கு வைத்த தலைப்பு அது. அந்த எழுத்துகள் இருந்தால் நோயாளியையோ பிரசவித்தவரையோ பார்த்தவர் என்று கொள்ளலாம். ‘டாம்’ என்று இருந்தால் ‘டொமஸ்டிக்’, வீட்டு வேலை. எழுத்து இல்லாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது.

மேலே குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் பென்சில் கோடுகள் லண்டனில் குமாஸ்தாக்கள் எண்ணிக் கூட்டும்போது போட்டவை. பல நேரம் வயதின் மேலேயே போட்டு வைத்திருப்பார்கள். வயிற்றெரிச்சல்தான்.

மன்த்லி நர்ஸும் மருத்துவச்சியும் ஒன்றா?

சட்டம் வரும்வரை எல்லை மங்கலாகத்தான் இருந்தது. வசதியான வீட்டில் பிரசவம் பார்க்க டாக்டர் வருவார், மன்த்லி நர்ஸ் கூட இருப்பார். டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாத தெருவில் அதே அம்மாளே பிள்ளையையும் எடுத்துவிடுவார். 1902இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. 1905க்குப் பிறகு சான்று பெறாதவர் ‘மிட்வைஃப்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. 1910க்குப் பிறகு டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் காசுக்கு வழக்கமாகப் பிரசவம் பார்க்கவும் கூடாது. 1901இல் ‘மிட்வைஃப்’ என்று இருந்தவர் 1911இல் வெறும் ‘நர்ஸ்’ ஆகியிருந்தால் வேலை மாறியது என்று எண்ண வேண்டாம், பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டிருக்கலாம். சான்று பெற்றவர்கள் ‘மிட்வைவ்ஸ் ரோல்’ என்ற பட்டியலில் இருப்பார்கள். அது அச்சாகியிருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம்.

ஊரில் பாதிப் பிள்ளைகளை எடுத்தவர் என்று குடும்பத்தில் கதை இருக்கும், கணக்கெடுப்பில் தொழில் கட்டம் காலியாக இருக்கும். அதுவும் சகஜம். கல்யாணமான பெண் அவ்வப்போது செய்யும் வேலையைத் தொழிலாக எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உறவுக் கட்டத்தில் ‘நர்ஸ் சைல்டு’ என்று இரண்டு வயதுப் பையன். குழந்தை எப்படி நர்ஸ் ஆகும்?

குழந்தை நர்ஸ் இல்லை. காசுக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்ட பிள்ளை. குடும்பப் பெயர் வேறாக இருக்கும். தாய் கல்யாணமாகாதவராக, வேறு வீட்டில் தங்கி வேலை செய்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். மனைவி இறந்த தகப்பனும் கொடுத்திருக்கலாம், ஏழை நிவாரண வாரியமும் அனுப்பியிருக்கலாம்.

இதோடு சேர்ந்து வருவது ‘வெட் நர்ஸ்’, பால் கொடுக்கும் தாய். பணக்கார வீட்டில் சில மாதக் குழந்தையும், இருபதுகளில் ஒரு பெண்ணும், அவளுக்கு முன்பின் அந்த வீட்டோடு தொடர்பில்லாமலும் இருந்தால் சந்தேகப்படலாம். அவளிடம் பால் இருக்கிறது என்றால் அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. அது எங்கே? ‘தோழி தானே செவிலி மகளே’ என்கிறது தொல்காப்பியம். நம் இலக்கியத்தில் செவிலியின் மகள் தலைவியோடு ஒரே வீட்டில் வளர்கிறாள். விக்டோரியா காலத்து லண்டனில் செவிலியின் பிள்ளைக்கு அந்த வீட்டில் இடமில்லை. ஐந்தாறு தெரு தள்ளி, ஒரு சலவைக்காரி வீட்டில் ‘நர்ஸ் சைல்டு’ என்று அது பதிவாகியிருக்கும். பல குழந்தைகள் அங்கே பிழைக்கவில்லை.

இப்படிக் குழந்தைகளை வாங்கிக் காசு பார்த்த ‘பேபி ஃபார்மிங்’ கொடுமைகள் வெளிவந்த பிறகு 1872இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூலிக்கு வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. அதற்காக நர்ஸ் சைல்டு வைத்திருந்த ஒவ்வொரு வீட்டையும் கொலைகார வீடாகப் பார்க்க வேண்டாம். அடுத்த கணக்கெடுப்பிலும் அதே பையன் அதே வீட்டில் பன்னிரண்டு வயதில் பள்ளி மாணவனாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒர்க்ஹவுஸில் இருந்த ‘நர்ஸ்’ ஊழியரா, அங்கே அடைக்கலமானவரா?

ஒர்க்ஹவுஸ் என்பது கதியற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதி. உறவுக் கட்டத்தைப் பாருங்கள். ‘ஆபீசர்’ என்றால் சம்பளக்காரர். ‘இன்மேட்’, ‘பாப்பர்’ என்றால் போக்கிடம் இல்லாமல் வந்தவர். அவருக்கு எழுதியிருக்கும் தொழில் பெரும்பாலும் அவர் முன்பு செய்தது. குழப்பம் என்னவென்றால், ஒர்க்ஹவுஸ் நோயாளிகளை அங்கே அடைக்கலமான கிழவிகளே பார்த்துக்கொண்டதும் உண்டு. 1897இல் வந்த உத்தரவுதான் அவர்களை நர்ஸாகப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது.

மேட்ரன், சிஸ்டர், புரொபேஷனர், அட்டெண்டன்ட்?

மேட்ரன் ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை. ஒர்க்ஹவுஸில், பள்ளி விடுதியில், சிறையில் எல்லாம் உண்டு. ஒர்க்ஹவுஸ் மேட்ரன் பெரும்பாலும் மேலாளரின் மனைவி. ‘சிஸ்டர்’ ஆஸ்பத்திரிப் பட்டியலில் வார்டு பொறுப்பாளர், கான்வென்ட்டில் கன்னியாஸ்திரி, சாதாரண வீட்டில் அக்காவோ தங்கையோ. புரொபேஷனர் என்றால் பயிற்சியில் இருக்கும் நர்ஸ். இந்தச் சொல்லைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், அந்த ஆஸ்பத்திரியின் பயிற்சிப் பதிவேடு ஏதாவது ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும். மனநோய் விடுதி ஊழியர்கள் ‘அட்டெண்டன்ட்’. அங்கே நோயாளிகளுக்குச் சில பக்கங்களில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும்தான் இருக்கும்.

‘டிரெஸர்’ என்றால் மலேசிய, இலங்கைத் தோட்டத் தமிழர்களுக்கு உடனே தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் ஞாபகம் வரும். லண்டன் ஆஸ்பத்திரியில் அது சர்ஜனுக்குக் கட்டுப்போட உதவும் மருத்துவ மாணவர். லங்காஷயர் நெசவு ஊரில் அதே சொல் பாவுக்குக் கஞ்சி போடுபவர்.

ஆண்கள் யாரும் நர்ஸாக இல்லையா?

இருந்தார்கள். மனநோய் விடுதி அட்டெண்டன்ட்களாக, ராணுவ ஆஸ்பத்திரி ஆர்டர்லிகளாக, கடற்படையில் ‘சிக் பெர்த் அட்டெண்டன்ட்’களாக. நர்ஸ்களைப் பதிவு செய்யும் சட்டம் 1919 டிசம்பரில் நிறைவேறியபோது ஆண்களுக்கென்று தனிப் பிரிவே வைத்தார்கள், பொதுப் பட்டியலில் சேர்க்காமல்.

1911இல் ஒரு வீட்டில் ‘ஆயா’, பிறந்த இடம் மெட்ராஸ். இவரைத் தொடர்ந்து தேட முடியுமா?

கஷ்டம். ஆனால் தேடத் தகுந்த தேடல், நமக்கு நெருக்கமானதும்கூட. இந்தியாவிலிருந்து கப்பலில் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வழியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களைக் கூட்டிவந்தன. ‘ஆயா’வே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது; ஆங்கிலத்திலும் தமிழிலும் குடியேறி, நம் ஊரில் பள்ளிக்கூட ஆயா, ஆஸ்பத்திரி ஆயா என்று இன்றும் நடமாடுகிறது.

கூட்டிவந்த குடும்பம் இங்கே இறங்கியதும் சிலரைத் திரும்பும் டிக்கெட் இல்லாமல் விட்டுவிட்டது. அவர்கள் தங்குவதற்கு லண்டனில் ‘ஆயாஸ் ஹோம்’ என்று ஒரு விடுதி நடந்தது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்தது, 1900 முதல் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26ஆம் எண்ணில். 1921இல் அதே சாலையில் 4ஆம் எண்ணுக்கு மாறியது. அந்த 26ஆம் எண் வீட்டில் 2022இல் நீலப் பலகை, அதாவது வரலாற்று நினைவுப் பலகை, பதித்திருக்கிறார்கள்.

தேடும்போது சிக்கல் பெயரில்தான். பலருக்குச் சொந்தப் பெயரே எழுதப்படவில்லை. ‘ஆயா’ என்று மட்டும், அல்லது முதலாளியம்மாவின் குடும்பப் பெயரை ஒட்டவைத்து. ஆகவே அவரைத் தேடாமல் அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள். கப்பல் பயணிகள் பட்டியலில் ‘இன்னார், இரண்டு குழந்தைகள், ஆயா’ என்று ஒரு வரி கிடைத்தால் எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எப்போது திரும்பினார் என்பதாவது தெரியும்.

இணையத்தில் தட்டச்சு செய்து போட்டிருப்பதை அப்படியே நம்பலாமா?

மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்காமல் எதையும் நம்பாதீர்கள். உறவுக் கட்டத்தில் ‘நர்ஸ்’ என்பதும், உடன்பிறந்தார் மகளைக் குறிக்கும் ‘நீஸ்’ என்பதும் பழைய கையெழுத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். என் சம்பந்தி வீட்டு வம்சாவளியில் இல்லாத ஒரு அண்ணன் மகள் இரண்டு வருஷம் குடியிருந்தாள். அதேபோல் ‘நர்சரிமேன்’ என்பவர் செடி விற்பவர். அவரைக் குழந்தைகள் பகுதியில் போட்டுவைத்திருந்த ஒரு பட்டியலையும் பார்த்தேன்.

பயிற்சி பெற்ற நர்ஸ் என்று எந்த ஆண்டிலிருந்து உறுதியாகச் சொல்லலாம்?

1921 கணக்கெடுப்பு பெரிய உதவி. வேலை கொடுப்பவரின் பெயரும் வேலை செய்யும் இடமும் கேட்டிருக்கிறார்கள். ‘நர்ஸ்’ பக்கத்தில் ஆஸ்பத்திரியின் பெயரோ ஒரு தனி மனிதரின் பெயரோ இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. அதே ஆண்டில்தான் அரசு நர்ஸ் பதிவேடும் தொடங்கியது. முதல் எண் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக்குக்கு. பதிவு வேண்டும் என்று பல வருஷம் போராடியவர் அவர்தான்.

அடுத்து 1931ஐத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தப் படிவங்கள் 1942 டிசம்பரில் தீயில் போய்விட்டன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. நடுவில் இருப்பது 1939 செப்டம்பர் 29இல் எடுத்த தேசிய மக்கள் பதிவேடு ஒன்றுதான். அதில் ‘ஸ்டேட் ரெஜிஸ்டர்டு’ என்ற சேர்க்கை இருக்கிறதா பாருங்கள். வலது ஓரத்தில் செஞ்சிலுவை, சிவில் நர்சிங் ரிசர்வ் என்று சின்ன எழுத்தில் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். தொழில் கட்டத்தில் ‘சம்பளமில்லா வீட்டு வேலை’ என்று இருக்கும் பெண், ஓரக் குறிப்பில் போர்க்கால நர்ஸாக இருப்பார்.

எங்கள் கொள்ளுப்பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம் மருத்துவச்சி. மெட்ராஸ் கணக்கெடுப்பில் இப்படித் தேடலாமா?

முடியாது. இந்தியாவில் 1871–72 முதல் கணக்கெடுப்பு நடந்தாலும் வீட்டுவாரிப் பெயர்ப் படிவங்களைக் காக்கவில்லை; எண்ணிக்கைகள் அடங்கிய அச்சுத் தொகுதிகள்தான் மிஞ்சின. மருத்துவச்சி எத்தனை பேர் என்று கிடைக்கும், உங்கள் பாட்டி யார் என்று கிடைக்காது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் “உங்களை எடுத்தது யார்?” என்று கேட்டுப் பாருங்கள்.